பைதனை ரஸ்டில் அடியிலிருந்து திருப்பி எழுதப் போகிறோம். யார் வருகிறீர்கள்?

அறிவியல்நகர் பெடியன் (கிளிநொச்சி)

வணக்கம். நாங்கள் நாலு பேர், அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறோம். இறுதியாண்டுப் புரொஜெக்டாகத் தொடங்கி, அதற்குப் பிறகும் கொண்டுபோகிற எண்ணத்தில் ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். பைதன் மொழியை, அதாவது பைதன் நிரல்களை ஓட்டுகிற எஞ்சினை, அடியிலிருந்து ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியில் எழுதப் போகிறோம். இப்போது எல்லோரும் பாவிக்கிற சிபைதன், சி மொழியில் எழுதப்பட்டது. ஆமை வேகம், ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை (செயலோட்டத்தை) மட்டும் ஓடவிடுகிற கில் பூட்டு, இடைக்கிடை நினைவகப் பிழை. இது எதுவும் எங்களுடையதில் இருக்காது.

இலக்கு இவ்வளவும்தான்: பத்து மடங்கு வேகம். கில் இல்லை. இன்றைக்கு ஓடுகிற பைதன் நிரல் எதுவும் ஒரு வரிகூட மாற்றாமல் ஓட வேண்டும், தரவுக் கணக்குக்கான நம்பை, பாண்டாஸ் லைப்ரரிகள் உட்பட. பிழைச் செய்திகள் தமிழில் வரும், உயர்தர ஐ.சி.ரி. பிள்ளைகளுக்கு உதவும்.

நிரலை வாசித்துப் பிரிக்கிற பார்சர் முடிந்த மாதிரித்தான். ஃபிபொனாச்சி எண்தொடர் நிரல் ஓடுகிறது, வேகமாகவே ஓடுகிறது. ரஸ்ட் தெரிந்தவர்களும், தெரியாவிட்டாலும் பழக விருப்பமுள்ளவர்களும் வாருங்கள்.

ஒட்டுசுட்டான் ஒருவன்

நாலு பேர், பத்து மடங்கு. ஆளுக்கு இரண்டரை மடங்கு வருகிறது. செய்துபோடலாம்.

பரந்தன் சந்தி

தம்பி, மனம் நோக எழுதவில்லை. ஆனால் உங்கள் இலக்குகளை வாசித்ததும் 2009 ஞாபகம் வந்தது. அந்த வருடம் கூகிளில் இருந்த சிலர் ‘அன்லேடன் ஸ்வாலோ’ என்று ஒன்றை அறிவித்தார்கள். சிபைதனை எடுத்து, எல்எல்விஎம் என்ற கொம்பைலர் அடித்தளத்தின்மேல் ஏற்றி, ஐந்து மடங்கு வேகமாக்குவது திட்டம். நீங்கள் பத்து கேட்கிறீர்கள், அவர்கள் ஐந்துதான் கேட்டார்கள். அவர்கள் புதிதாக எழுதவும் இல்லை, இருந்ததையே எடுத்துக்கொண்டார்கள். சம்பளமும் கூகிள் கொடுத்தது. அப்படியிருந்தும் பெரும்பகுதி நேரம் எல்எல்விஎம்மில் இருந்த பிழைகளைத் திருத்துவதிலேயே போயிற்று. கிடைத்த வேகம் சொற்பம், நினைவகச் செலவு கூட. 2011இல் கதை முடிந்தது.

அடுத்தது ட்ரொப்பொக்ஸ். 2014இல் ‘பிஸ்டன்’ என்று புதிய பைதன் ஒன்றைத் தொடங்கினார்கள். 2017 ஜனவரியில் கைவிட்டார்கள். அந்த இடைவெளியில் அவர்களுடைய வேகம் வேண்டிய வேலைகளே ‘கோ’ மொழிக்கு மாறிக்கொண்டிருந்தன.

இவர்கள் ஒருவரும் கெட்டித்தனம் குறைந்தவர்கள் இல்லை. ஃபிபொனாச்சியில் இருப்பது முழு எண், கூட்டல், கழித்தல், தன்னைத்தானே அழைக்கும் ஒரு செயற்கூறு. மொழியின் மிக இலகுவான மூலை அது. அங்கே எந்தப் புது எஞ்சினும் பறக்கும். பைதனில் எழுதப்பட்ட உலகத்து நிரல்கள் சிபைதனின் ஒவ்வொரு பழக்கத்திலும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கையேட்டில் எழுதாத பழக்கங்களிலும்தான்.

ஒரு உதாரணம். சிபைதனில் ஒரு கோப்பைத் திறந்து வாசித்துவிட்டு மூடாமல் விட்டாலும், அதைச் சுட்டுகிற மாறி இல்லாமல் போன அந்தக் கணமே கோப்பு மூடப்பட்டுவிடும். அவர்கள் சுட்டிகளை எண்ணி நினைவகத்தை விடுவிப்பதால் வருகிற பக்கவிளைவு அது. அப்படித்தான் நடக்க வேண்டும் என்று மொழி எங்கும் உறுதி தரவில்லை. ‘பைபை’ என்ற இன்னொரு பைதன் எஞ்சின் அப்படிச் செய்வதில்லை. பாவிக்காத நினைவகத்தை விடுவிக்கிற குப்பை சேகரிப்பு வரும்வரை கோப்பு திறந்தே கிடக்கும். ஆயிரக்கணக்கில் கோப்பு திறக்கிற நிரல் அங்கே விழுந்துவிடும். பாவிக்கிறவர் யாரைத் திட்டுவார்? உங்களைத்தான்.

இன்னொன்று, சாவியும் பெறுமதியுமாகச் சேமிக்கிற டிக்ஷனரியின் ஒழுங்கு. போட்ட வரிசையிலேயே திரும்பி வருவது பைதன் 3.6இல் உள்வேலைப்பாட்டின் ஒரு தற்செயல். சனம் அதை நம்பி எழுதத் தொடங்க, 3.7இல் அதை மொழியின் விதியாகவே ஆக்கினார்கள். ஆக நீங்கள் துரத்துகிற மொழி எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால், பாதிதான் கையேட்டில். மிச்சம் சிபைதனின் சி நிரலுக்குள்.

பம்பைமடு (வவுனியா)

பரந்தன் அண்ணா, செத்த புரொஜெக்டுகளின் பெயரை மட்டும் அடுக்கினால் எல்லாம் சுடுகாடு மாதிரித்தான் தெரியும். உயிரோடு இருப்பதையும் சொல்லுங்கள். ரூபி மொழிக்காக ஜாவா மேடையில் ஓடும் ஜேரூபி என்ற எஞ்சின் எத்தனையோ வருடமாக வேலை செய்கிறது. 2008இல் குரோம் வந்தபோது கூகிள் வி8 என்று ஜாவாஸ்கிரிப்டுக்குப் புதிய எஞ்சின் எழுதியது. யாராவது முடியாது என்றார்களா? 2025 மார்ச்சில் மைக்ரோசொப்ட் டைப்ஸ்கிரிப்ட் கொம்பைலரை ‘கோ’ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தது. வி.எஸ். கோட் எடிட்டரின் 15 லட்சம் வரியைச் சரிபார்க்க 77.8 செக்கன் எடுத்தது 7.5 ஆகியிருக்கிறது. பத்து மடங்கு. தம்பி கேட்கிற அதே பத்து.

முதல் பதிவிலேயே இவ்வளவு பெரிய சாட்டையை எடுத்தால் இந்தப் பக்கத்தில் இனி எவன் எதைத் தொடங்குவான்?

பரந்தன் சந்தி

நல்ல கேள்வி, அந்த உதாரணங்களையே எடுப்போம்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு 1997 முதல் எழுதப்பட்ட தரம் இருக்கிறது. அன்றைக்கே பல உலாவிகள், பல எஞ்சின்கள். எந்த ஒன்றும் ‘நான்தான் மொழி’ என்று சொல்ல முடியாது. வி8 எழுதியவர்கள் ஒரு ஆவணத்தைத் துரத்தினார்கள். நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நிரலைத் துரத்தப் போகிறீர்கள்.

டைப்ஸ்கிரிப்ட்டைச் செய்தது அதே மொழியை உருவாக்கிய அதே குழு. புதிதாகச் சிந்தித்து எழுதவில்லை. பழைய நிரலைச் செயற்கூறு செயற்கூறாகப் பெயர்த்து வைத்தார்கள், பழைய பழக்கமெல்லாம் அப்படியே வரவேண்டும் என்பதற்காக. ‘கோ’ மொழியைத் தெரிவு செய்த காரணங்களில் ஒன்று அதன் அமைப்பு பழைய நிரலுக்குக் கிட்ட இருந்தது. ‘ரஸ்ட் ஏன் இல்லை’ என்று எத்தனை பேர் அங்கே சண்டை பிடித்தார்கள் தெரியுமா?

ஜேரூபி உண்மையிலேயே வெற்றிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சி மொழியில் எழுதிய நீட்சிகளை (மொழியோடு இணைகிற லைப்ரரிகளை) அது கடைசியில் கைவிட்டது. அதற்கு ஈடாக ஜாவாவின் லைப்ரரிகள் எல்லாம் கிடைத்தன. தம்பியின் பைதன் நம்பையைக் கைவிட்டால் ஈடாக எது கிடைக்கும்?

பாமினிப்பகை (முல்லைத்தீவு)

நான் கொம்பைலர் படித்தவன் இல்லை, அலுவலக வேலைக்காக பைதன் பழகியவன். எங்கள் பழைய கடிதம், அறிக்கை எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறேன். வேர்ட் கோப்பைத் திறக்க பைதன்-டொக்ஸ் என்ற லைப்ரரி. அது எல்எக்ஸ்எம்எல்லில் தங்கியிருக்கிறது. அதுவோ சி நீட்சி. என் பங்கு பைதன் அறுபது எழுபது வரிதான், பாரமான வேலை முழுக்க சி பக்கத்தில் நடக்கிறது.

ஆகவே என் கேள்வி. உங்கள் புதிய பைதன் பத்து மடங்கு வேகமாக ஓடினால் என் நிரல் எவ்வளவு வேகமாகும்? எல்எக்ஸ்எம்எல் அதில் ஓடாவிட்டால் நான் ஏன் அதை நிறுவ வேண்டும்?

அறிவியல்நகர் பெடியன்

பாமினி அண்ணா, சி நீட்சிகளை ஓடவைக்கவும் ஒரு படை எழுதுவோம். பைபையில் அப்படி ஒன்று இருக்கிறதே.

நெடுங்கேணி நிரலி

இருக்கிறது தம்பி, ஆனால் அதன் கதையையும் கேளுங்கள். பைபை 2003இல் தொடங்கியது. சுத்த பைதன் நிரலில் அது உண்மையாகவே வேகம். நம்பை வேண்டும் என்று எல்லோரும் கேட்டபோது முதலில் நம்பையையே தங்கள் பக்கத்தில் திருப்பி எழுதத் தொடங்கினார்கள். அதற்காக நன்கொடைகூடச் சேர்த்தார்கள். அது முடிகிற வேலையாக இருக்கவில்லை. பிறகு உண்மையான நம்பையை ஒரு இணக்கப் படை வழியாக ஓட்டினார்கள். ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு முறை எல்லை கடக்கும்போதும் செலவு. சி நீட்சியை அடிக்கடி கூப்பிடுகிற நிரல் சிபைதனைவிட மெதுவாகக்கூட ஓடும். இருபது வருடத்துக்கு மேலாக உலகத்தின் மிகக் கெட்டிக்காரக் கொம்பைலர்காரர் சிலர் செய்த வேலையின் நிலை இது.

ரஸ்டில் என்றால் இன்னொரு சிக்கல், நமக்கே உரியது. ‘வன்னி’ என்று ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) எடுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைதனிடம் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது: வ, ன, புள்ளி, ன, இகர விசிறி. எழுத்துகளை பைட்டாக மாற்றுகிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் பதினைந்து. ரஸ்டின் சரம் யூடிஎஃப்-8. நாலாவது குறியைத் தா என்றால் அது தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டும். சிபைதன் 3.3 முதல் சரத்துக்கு ஏற்ற அகலத்தைத் தானே தெரிவு செய்கிறது. தமிழ்ச் சரம் என்றால் குறிக்கு இரண்டு பைட், நேராக நாலாவதுக்குக் குதிக்கும். ஒரு இலட்சம் குறி உள்ள சரத்தில் சுட்டெண் போட்டு ஓடுகிற வளையத்தை எழுதிப் பாருங்கள். ஃபிபொனாச்சியில் சம்பாதித்த வேகம் அங்கே போய்விடும். பைபை 2019இல் யூடிஎஃப்-8க்கு மாறியபோது சுட்டெண்களுக்குத் தனி அட்டவணை ஒன்றைத் துணைக்கு வைக்க வேண்டியிருந்தது.

அதோடு, பைதன் சரத்துக்குள் துணையில்லாத சரகேட் குறி (சோடியாக வர வேண்டிய, தனியே எழுத்தாகாத குறி) இருக்கலாம். யூடிஎஃப்-8 இல்லாத கோப்புப் பெயரை வாசிக்கும்போது பைதனே அப்படிச் செய்து வைக்கிறது. ரஸ்டின் வழமையான சரம் அதை ஏற்காது. ஆகவே முதல் நாளே உங்களுக்கென்று தனிச் சர வகை எழுத வேண்டும். எழுதியிருக்கிறீர்களா?

அறிவியல்நகர் பெடியன்

இன்னும் இல்லை அக்கா. ரஸ்டின் சரத்தைத்தான் பாவிக்கிறோம்.

ஒட்டுசுட்டான் ஒருவன்

அக்கா கேள்வி கேட்கிற விதத்தைப் பார்த்தால் வைவாவுக்கு இந்த இழையே போதும்.

நெறியாளர்

ஒட்டுசுட்டான், பகிடி அளவோடு.

மாங்குளம் டு டொரோண்டோ

நான் பி.எச்.பி. என்ற இணைய நிரல் மொழியின் பக்கத்தில் வேலை செய்தவன், அந்தக் கதையைச் சொல்கிறேன். பேஸ்புக் தன் பி.எச்.பி. நிரலுக்காக எச்எச்விஎம் என்ற எஞ்சினை எழுதியது. கோடிக்கணக்கான பாவனையாளர், கேட்ட பணம், கேட்ட ஆள். வேகமும் நன்றாக இருந்தது. 2014 கடைசியில் விக்கிப்பீடியாவே அதற்கு மாறியது, நம் தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்த்துத்தான். எச்எச்விஎம்மின் வேகத்தைப் பார்த்து பழைய பி.எச்.பி.காரருக்கு ரோசம் வந்தது. 2015 டிசம்பரில் பி.எச்.பி. 7 வெளிவந்தது, வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. 2017இல் எச்எச்விஎம் பி.எச்.பி.யைக் கைவிட்டு தங்கள் சொந்த ‘ஹாக்’ மொழிக்கு மட்டும் என்று அறிவித்தது. 2019இல் விக்கிப்பீடியா திரும்ப பி.எச்.பி.க்கே வந்துவிட்டது.

இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். பி.எச்.பி. பாவிக்கிற எல்லோருக்கும் இலாபம். ஆனால் திருப்பி எழுதியவர்கள் எதிர்பார்த்த இலாபம் அது இல்லை. அன்லேடன் ஸ்வாலோவிலும் மிஞ்சியது வேகம் அளக்கும் சோதனைத் தொகுதி. இன்றைக்குப் பைதன்காரர் பாவிக்கிற தொகுதி அதிலிருந்து வளர்ந்தது. ரூபியின் ரூபினியஸ் எஞ்சினிலும் அதே கதை. இன்று அதைப் பாவிக்கிறவர் அருமை, ஆனால் அதற்காக எழுதிய சோதனைத் தொகுதியை ரூபியின் எல்லா எஞ்சினும் பாவிக்கின்றன.

பேர்ள் 6 மொழி பற்றிச் சொல்லவே வேண்டாம். 2000இல் அறிவித்து 2015 நத்தாருக்குத்தான் முதல் பதிப்பு வந்தது. 2019இல் பெயரையே ‘ராகு’ என்று மாற்றினார்கள். நமக்கு ராகு காலம் ஞாபகம் வருவது அவர்கள் பிழையில்லை.

பம்பைமடு

டொரோண்டோ அண்ணாவின் கதை எனக்குத்தான் சாதகம். எச்எச்விஎம் வராவிட்டால் பி.எச்.பி. 7க்கு அவ்வளவு அவசரம் இருந்திருக்காது.

பரந்தன் சந்தி

ஓம், பேஸ்புக் வந்து நின்றதால் பயந்தார்கள். நாம் நாலு பேர் நின்றால் சிபைதன்காரர் பயப்படுவார்களா?

இன்னொரு விசயம். நீங்கள் கைவைக்க நினைக்கிற இடங்களில் உள்ளேயே வேலை நடக்கிறது. கில்லை எடுக்க 2016இல் ஒருவர் முயன்றார். பூட்டை எடுத்ததும் ஒரு திரெட்டில் ஓடும் சாதாரண நிரல் படுமோசமாக மெதுவாகியது. பிறகு வேறொருவர் சுட்டி எண்ணுகிற முறையையே மாற்றி வேறு வழியில் செய்து காட்ட, 2023இல் அதை ஏற்றார்கள். 2024 ஒக்டோபரில் வந்த 3.13இல் கில் இல்லாத பதிப்பைத் தெரிவு செய்யலாம். வேகத்துக்கும் மைக்ரோசொப்ட் ஒரு குழு வைத்திருந்தது. அங்கும் நாலு வருடத்தில் ஐந்து மடங்கு என்றுதான் பேச்சு. 3.11இல் சராசரியாக 25 சதவீதம் வந்தது, அதுவே பெரிய சாதனை. 2025 மேயில் அந்தக் குழுவில் பலரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

இரணைமடுவின் கொள்ளளவு போதாது என்றபோது பக்கத்தில் இன்னொரு குளமா வெட்டினார்கள்? இருந்த அணைக்கட்டைத்தான் உயர்த்தினார்கள்.

அறிவியல்நகர் பெடியன்

குளத்துக் கணக்கு இதற்குச் சரிவராது அண்ணா. குளம் வெட்டக் காணி வேண்டும், காசு வேண்டும், பிழைத்தால் வயல் போய்விடும். நாங்கள் எழுதுகிற பைதன் பிழைத்தால் யாருடைய வயலும் போகாது. எங்கள் நேரம் மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘சர வகை எழுதப் போகிறோம்’ என்று தலைப்புப் போட்டிருந்தால் இவ்வளவு பேர் வந்து இவ்வளவு சொல்லியிருப்பீர்களா? எங்கள் மேற்பார்வையாளரும் பெரிதாக ஏதாவது கொண்டுவா என்றுதான் சொன்னார்.

பரந்தன் சந்தி

அது நியாயம். காணி விசயத்தில் நீர் சொல்வது சரி.

ஆனால் ‘எங்கள் நேரம் மட்டும்’ என்பது உண்மையில்லை. ‘எந்த நிரலும் மாற்றாமல் ஓடும்’ என்று எழுதிவிட்டு ஒருவர் அதை நம்பித் தன் வேலையை அதில் வைத்தால், அவருடைய நேரமும் போகிறது. 2020 முதல் ஒவ்வொரு ஒக்டோபரும் புதிய பைதன் வருகிறது. நீங்கள் 3.13ஐ முடிக்கும்போது அங்கே 3.15. ஜாவா மேடையில் ஓடும் பைதனான ஜைதன் இன்னும் 2.7இல் நிற்கிறது, பைதன் 2க்கு ஆதரவு முடிந்ததே 2020இல். நீங்கள் நாலு பேரும் பட்டம் எடுத்தால் ஒருவர் கொழும்பு, ஒருவர் அவுஸ்திரேலியா. அதற்கடுத்த ஒக்டோபருக்கு யார் இருப்பார்? பாமினிப்பகையிடம் நிறுவச் சொல்ல முன்னம் இதற்குப் பதில் வேண்டும்.

ரஸ்டில் பைதன் என்று 2018 முதல் ஒரு திறந்த புரொஜெக்ட் இருக்கிறது, தெரியும்தானே? உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் எழுதுகிறார்கள். இன்னும் முழு இணக்கம் இல்லை. ஆனால் அதன் பார்சரை எடுத்துத்தான் ‘ரஃப்’ என்ற நிரல் சரிபார்ப்பான் தொடங்கியது. அதை இன்று ஏகப்பட்ட பேர் பாவிக்கிறார்கள். உங்களுக்கும் பார்சர் முடிந்த மாதிரி என்றீர்கள்.

முள்ளியவளை டீச்சர்

நான் உயர்தரத்துக்கு ஐ.சி.ரி. படிப்பிக்கிறேன். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன், பாதி விளங்கவில்லை. தம்பி, வேகம் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. அவர்கள் எழுதுகிற நிரல் கண் மூடித் திறக்க முன்னம் முடிந்துவிடும். அவர்கள் நிற்கிற இடம் பிழைச் செய்தி. தமிழ் மொழிமூலம் படிக்கிற பிள்ளை உள்தள்ளல் பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்ததும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்க்கும். வரி இலக்கம் செய்தியிலேயே இருக்கிறது, அதைக்கூட வாசிப்பதில்லை. உங்கள் திட்டத்தில் கடைசி வரியாகப் போட்டீர்களே, அதை மட்டும் செய்ய முடியாதா? அதற்கும் முழு மொழியைத் திருப்பி எழுத வேண்டுமா?

நெடுங்கேணி நிரலி

தேவையில்லை டீச்சர். பிழையைத் திரையில் அச்சிடுகிற இடத்தில் நமது செயற்கூறு ஒன்றைக் கொளுவ சிபைதனிலேயே வழி இருக்கிறது. பைதன் தொடங்கும்போது தானாக ஏறும்படி வைத்தால் தொடரியல் பிழைகளையும் பிடிக்கலாம். ஆய்வுகூடக் கணினியில் ஒரு கோப்புப் போட்டால் சரி. கடினமான பகுதி நல்ல தமிழில் செய்தி எழுதுவது. பிள்ளை அடிக்கடி விடுகிற பிழைகள் எவை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

முள்ளியவளை டீச்சர்

கொப்பி கொப்பியாக இருக்கிறது, அனுப்புகிறேன்.

பம்பைமடு

பார்த்தீர்களா, நாலு பேரின் பெரிய கனவைப் பிடுங்கி ஒரு கோப்பாக்கிவிட்டீர்கள். டீச்சருக்கு உதவி, சந்தோசம். ஆனால் மொழிக்குள் என்ன நடக்கிறது என்று அறிய ஒரு மொழியை எழுதிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. ஓடாது என்று தெரிந்தும் எழுதலாம். தம்பி, எழுதுங்கள்.

பரந்தன் சந்தி

எழுத வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. பாண்டாஸ் ஓடும் என்று மட்டும் போட வேண்டாம் என்கிறேன்.

அறிவியல்நகர் பெடியன்

நேற்று நாலு பேரும் இருந்து கதைத்தோம். ஒருவன் இன்னும் பத்து மடங்கை விடமாட்டேன் என்கிறான். மிச்ச மூன்று பேரும் சொல்வது: முதல் பதிவில் இருந்து நம்பை, பாண்டாஸ் இரண்டையும் எடுக்கிறோம். சிபைதனோடு வருகிற சோதனைத் தொகுதியை எங்களுடையதில் ஓட்டி, எத்தனை தேறுகிறது என்று மாதாமாதம் இங்கேயே போடுகிறோம். டீச்சரின் வேலையைத் தனியாக, சாதாரண பைதனிலேயே செய்கிறோம். நிரலி அக்கா, சோதனைகளில் எதிலிருந்து தொடங்கலாம்?

நெடுங்கேணி நிரலி

சரங்களிலிருந்து. சரகேட் வருகிற சோதனைகளை முதலில் ஓட்டுங்கள், கடைசிக்கு வைக்க வேண்டாம். அவை விழுந்தால் சர வகையை மாற்ற வேண்டும், அதை மாற்றினால் மற்றதெல்லாம் மாறும். அதற்குப் பிறகு டிக்ஷனரி. கோப்புகளைத் தொடும்போது எனக்கு ஒரு செய்தி போடுங்கள், பரந்தன் அண்ணா சொன்ன அந்த மூடாத கோப்புச் சிக்கலுக்கு நீங்கள் சுட்டி எண்ணப் போகிறீர்களா, குப்பை சேகரிக்கப் போகிறீர்களா என்று அதற்கு முன்னம் முடிவெடுக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் ஒருவன்

அந்த நாலாவது ஆளை இங்கே கூட்டிவாருங்கள், அவனோடு எனக்குக் கதைக்க இருக்கிறது.